ஜானகி அம்மாள்

எடவலத் கக்காட் ஜானகி அம்மாள் (நவம்பர் 4, 1897 – பெப்ரவரி 7, 1984) ஓர் இந்தியத் தாவரவியலாளர் ஆவார். உயிரணுக்களில் உள்ள நிறப்புரிகளை, அதாவது குரோமோசோம்களை, ஆராய்ந்து தாவரங்களின் தோற்றத்தையும் உறவுமுறையையும் அறியும் உயிரணு மரபியல் துறையில் இந்தியாவின் முன்னோடிகளுள் ஒருவர். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்திலும், இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்திலும், அரச தோட்டக்கலைக் கழகத்திலும், பின்னர் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்திலும் பணியாற்றினார். வாழ்நாளின் இறுதிப் பதின்மூன்று ஆண்டுகளைச் சென்னையை அடுத்த மதுரவாயலில் கழித்தார். 1977 ஆம் ஆண்டு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

பிறப்பும் கல்வியும்

ஜானகி அம்மாள் அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தை எடவலத் கக்காட் கிருஷ்ணன் திவான் பகதூர் பட்டம் பெற்ற துணை நீதிபதி. தாயார் தேவி குருவாயி. தந்தைக்கு இயற்கையியலில் மிகுந்த நாட்டம் இருந்தது. வீட்டைச் சுற்றித் தோட்டம் வளர்த்ததோடு, பறவைகளைக் கூர்ந்து நோக்கிக் குறிப்புகளும் எழுதிவந்தார். உடன்பிறந்தோர் நிறைந்த பெரிய குடும்பம். அக்குடும்பத்தின் பெண்கள் உரிய வயதில் மணமுடித்துக் கொடுக்கப்பட்டனர். ஜானகிக்கும் உறவுக்குள் ஒரு மணம் பேசப்பட்டதாகக் கூறுவர். அவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

தலைச்சேரியில் பள்ளிப் படிப்பை முடித்தபின் சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் இளங்கலை பயின்றார். 1921 ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். பெண்களின் எழுத்தறிவு நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவில் இருந்த காலம் அது.

ஆசியப் பெண்கள் அமெரிக்காவில் உயர்கல்வி பெறுவதற்காக லெவி பார்பர் என்பவர் ஏற்படுத்திய உதவித்தொகை ஜானகி அம்மாளுக்குக் கிடைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1920களின் நடுவில் முதுகலைப் பட்டம் பெற்றுச் சென்னை திரும்பினார். பின் மீண்டும் அங்கே சென்று 1931 ஆம் ஆண்டு அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணாகக் கருதப்படுகிறார். அவர் முதன்முதலில் அமெரிக்கக் கரையில் இறங்கியபோது குடிநுழைவு அதிகாரிகள் எல்லிஸ் தீவில் அவரைத் தடுத்து வைத்தனர் என்றும், நீண்ட கூந்தலையும் பட்டுப் புடவையையும் கண்டு இளவரசியோ என ஐயுற்று அனுப்பி வைத்தனர் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. இளவரசிதானா என்று கேட்டபோது அவர் மறுக்கவில்லையாம்.

1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராசா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். கத்தரியின் பன்மடியத் தன்மை பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை 1934 இல் வெளிவந்தது. அதே ஆண்டு கோயம்புத்தூருக்கு வந்தார்.

கரும்பு ஆய்வின் பின்னணி

கோயம்புத்தூரில் ஜானகி அம்மாள் செய்த பணியை விளங்கிக்கொள்ள அன்றைய கரும்பின் நிலையை அறிதல் வேண்டும். பொங்கலுக்கு நாம் கடித்துத் தின்னும் செங்கரும்பு போன்ற பருத்த, சாறு மிகுந்த கரும்புகள் சக்காரம் ஆபிசினாரம் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் தாயகம் நியூகினித் தீவு. சர்க்கரை மிகுதியாக இருந்தாலும் குளிரையும் வறட்சியையும் நோயையும் இவை தாங்குவதில்லை. வட இந்தியாவில் விளைந்த நாட்டுக் கரும்புகளோ மெலிந்தவை. தாங்கும் ஆற்றல் உண்டு, விளைச்சல் குறைவு. இதனால் கரும்பின் பழம்பெரும் நாடாகிய இந்தியா, சாவகத் தீவிலிருந்து சர்க்கரையை இறக்குமதி செய்துவந்தது.

இந்நிலையை மாற்றவே 1912 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூரின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதை கொள்ளும். எனவே ஒரு வகையை இன்னொன்றோடு கலக்க முடியும். நிலையத்தின் முதல் தலைவர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர், அவருக்குப் பின் வந்த தி. சா. வெங்கடராமன் ஆகியோர், பருத்த வெள்ளைக் கரும்பைக் காட்டுப்புல் ஒன்றோடு கலந்து புதிய வகைகளை உருவாக்கினர். 1912 இல் கலப்புச் செய்து 1918 இல் வெளியிடப்பட்ட கோ 205 இவ்வழியில் வந்த முதல் வணிகக் கலப்பினம். 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். உழவர்கள் இன்றும் கரும்பு வகைகளைக் 'கோ' என்றும் எண் சேர்த்தும் சொல்வது இதனால்தான்.

அந்தக் காட்டுப்புல் வேறெதுவும் அன்று. காவிரி, கொள்ளிடக் கரைகளில் வெண்ணிறப் பூங்கதிர் அசைய நிற்கும் நாணலே. பேய்க்கரும்பு என்றும் சொல்வர். தாவரவியலில் சக்காரம் சுபான்டேனியம் எனப்படும். இதில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் வெள்ளத்தில் மூழ்கினாலும் கோடையில் காய்ந்தாலும் வேரோடு பிழைத்துக் கிடக்கும். தஞ்சைப் பகுதி உழவர் இதை ஆற்றங்கரை மண்ணைப் பிடித்து நிறுத்தும் புல்லாக அறிவர். வயலில் வந்தால் களையாக வெட்டி எறிவர். அவர்கள் படுகை நிலத்தில் வெட்டும் கரும்பின் இரத்தத்தில் இந்தக் களையும் கலந்துள்ளது.

கோயம்புத்தூரில் (1934–1939)

கோயம்புத்தூர் வழியே ஓடும் நொய்யல், கரூர்ப் பகுதியில் காவிரியோடு சேரும் துணையாறு. ஜானகி அம்மாள் அங்கே பணியில் சேர்ந்த 1934 ஆம் ஆண்டில்தான் மேட்டூர் அணையும் திறக்கப்பட்டது. காவிரியின் நீரும் காவிரி நாட்டின் பயிர்களும் ஒருசேரப் புதிய அறிவியலின் கைக்கு வந்த காலம் எனலாம். நெல்லுக்குத் தஞ்சை மாவட்டத்து ஆடுதுறையில் 1922 இலேயே ஆய்வு நிலையம் ஏற்பட்டிருந்தது.

இதழ்களிலும் மேடைகளிலும் ஜானகி அம்மாளை 'இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர்' என்று புகழ்வது வழக்கமாகிவிட்டது. இது முழுவதும் சரியன்று. கோ 205 வெளியானபோது அவர் சென்னையில் மாணவி. அவர் கோயம்புத்தூருக்கு வருமுன்பே அந்நிலையத்தின் கரும்பு வகைகள் வட இந்திய வயல்களில் பரவிவிட்டிருந்தன. இந்தப் புகழுரை பார்பரின், வெங்கடராமனின் பங்கை மறைக்கிறது என்பதோடு, ஜானகி அம்மாள் உண்மையில் செய்ததையும் மறைத்துவிடுகிறது. கலப்பு ஏன் பலித்தது, எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதை நிறப்புரிகளைக் கொண்டு விளக்க முனைந்ததே அவர் பணி.

நெல்லின் உயிரணுவில் 24 நிறப்புரிகள் உள்ளன, மக்காச்சோளத்தில் 20, மனிதரில் 46. கரும்பின் கதை வேறு. ஆபிசினாரம் கரும்பில் 80 நிறப்புரிகள். நாணலிலோ எண்ணிக்கை நிலையாக இல்லை. 40 உள்ள நாணலும் உண்டு, 128 உள்ள நாணலும் உண்டு. ஒரே தொகுதி நிறப்புரிகள் பல மடங்காகப் பெருகி நிற்கும் இந்நிலை பன்மடியம் எனப்படும். கோயம்புத்தூர் நாணலில் 64. இதனை 80 உடைய கரும்போடு கலந்தால், பொது விதிப்படி இரண்டிலிருந்தும் பாதி பாதி சேர்ந்து 72 வரவேண்டும். கோ 205 இல் இருப்பதோ 112. தாய்க்கரும்பு தன் 80 ஐயும் முழுமையாகத் தருகிறது. நாணல் பாதியாகிய 32 ஐத் தருகிறது. இந்த விந்தையைச் சாவகத்தில் டச்சு அறிஞர் பிரெமர் கண்டறிந்திருந்தார். கலப்பினத்தில் இனிப்புத் தங்கியதற்கும் நாணலின் வலிமை சேர்ந்ததற்கும் இது ஒரு காரணம். இவ்வாறான கணக்குகள் இன்றிக் கரும்பைக் கலப்பது இருட்டில் துழாவுவது போன்றது.

ஜானகி அம்மாள் பல இடங்களின் நாணல்களை எடுத்து அவற்றின் நிறப்புரிகளை எண்ணினார். அன்று இதற்கு எந்திரம் கிடையாது. வேர்நுனியையோ மகரந்தத் தாய் உயிரணுவையோ பதப்படுத்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் நோக்கிக் கையால் வரைய வேண்டும். நூறை எட்டும் சின்னஞ்சிறு கோடுகளைப் பிழையின்றி எண்ணுதல் கண்ணையும் பொறுமையையும் சோதிக்கும் வேலை. எண்ணிக்கையையும் இடப் பரவலையும் ஒப்பிட்டு, சக்காரம் சுபான்டேனியத்தின் தோற்றம் இந்தியாவிலேயே என்னும் முடிவை வலுப்படுத்தினார்.

கரும்பை அதன் பேரினத்துக்கு வெளியே உள்ள புற்களோடு கலந்தும் பார்த்தார். கரும்போடு மக்காச்சோளம், கரும்போடு சோளம், கரும்போடு தர்ப்பையின் பேரினமான இம்பரேட்டா, கரும்போடு எரியாந்தஸ் ஆகிய கலப்பினங்கள் அவ்வாறு ஆராயப்பட்டவை. கரும்பு – மக்காச்சோளக் கலப்பு பற்றிய அவருடைய குறிப்பு 1938 ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. இவை எவையும் ஆலைக்குச் செல்லும் பயிராகவில்லை. புல் குடும்பத்தில் எவை எவற்றுக்கு நெருங்கிய உறவு என்பதை அவை காட்டின. எரியாந்தஸ் போன்ற புற்களின் வலிமையைக் கரும்புக்குக் கொண்டுவரும் முயற்சிகள் பல நாடுகளில் இன்றும் நடைபெறுகின்றன.

1934 இல் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம், அடுத்த ஆண்டே ஜானகி அம்மாளைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. வெளியில் இம்மதிப்பு இருக்க, பணியிடத்தில் அவர் நிலை எளிதாக இல்லை. தனித்து வாழும் பெண், அதிலும் தாழ்வாகக் கருதப்பட்ட தீயர் குலத்தவர் என்பதால் உடன் பணியாற்றிய ஆண்களால் ஒதுக்கப்பட்டார் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். 1939 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் எடின்பரோவில் நடைபெற்ற பன்னாட்டு மரபியல் மாநாட்டிற்குச் சென்றார். மாநாடு முடியும் தறுவாயில் உலகப்போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

இங்கிலாந்தில்

1940 முதல் 1945 வரை இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிறுவனத்தில் துணை உயிரணுவியலாளராகப் பணியாற்றினார். குண்டுவீச்சு நடந்த இரவுகளில் கட்டிலுக்கு அடியில் பதுங்கி, விடிந்ததும் ஆய்வகத்தில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்ததாகப் பின்னாளில் நண்பர்களிடம் கூறுவாராம். அங்கே மரபியலாளர் சிரில் டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் தொகுத்த 'பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் விளக்கத் தொகுதி' 1945 இல் வெளிவந்தது. உலகெங்கும் சிதறிக்கிடந்த பல ஆயிரம் தாவரங்களின் நிறப்புரி எண்களை இது ஒரே இடத்தில் தந்தது. பயிர் ஆய்வாளர்களின் கையேடாகப் பல்லாண்டுகள் விளங்கியது. விரிவாக்கப்பட்ட அடுத்த நூல் 1955 இல் டார்லிங்டன், வைலி ஆகிய இருவர் பெயரில் வெளிவந்தது. இதனால் பிற்கால மாணவர்கள் பலருக்கு முதல் நூலின் இணையாசிரியர் பெயர் தெரியாமற் போயிற்று.

1946 இல் விசுலியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் உயிரணுவியலாளராகச் சேர்ந்தார். அக்கழகத்தில் ஊதியம் பெற்ற முதல் பெண் அறிவியலாளர் இவரே. இங்கு கோல்கிசின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு தாவரங்களின் நிறப்புரி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் ஆய்வுகளைச் செய்தார். உயிரணு பிரியும் வேளையில் நிறப்புரிகளை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் இழைகளைக் கோல்கிசின் உருவாகவிடாது. நிறப்புரிகள் இரட்டித்த பின்னும் உயிரணு இரண்டாகாமல் நின்றுவிடும். இவ்வாறு இரட்டித்த செடிகளில் இலையும் பூவும் பெரும்பாலும் தடித்துப் பெருத்து அமையும். இந்தக் கோல்கிசின் நம் செங்காந்தளிலும் உள்ளது. வேதாரண்யம் பகுதியில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதன் விதைக்காகப் பயிரிடப்படுவது இச்செடியே.

மக்னோலியா மரக்கன்றுகளின் குருத்துகளில் ஜானகி அம்மாள் கோல்கிசினை இட்டார். அவ்வாறு வளர்ந்த மரங்கள் விசுலித் தோட்டத்தின் பேட்டில்சுடன் மேட்டில் நடப்பட்டன. அவற்றுள் வெண்ணிறப் பூப்பூக்கும் ஒரு வகை, மக்னோலியா கோபசு 'ஜானகி அம்மாள்' என்று வழங்கப்படுகிறது. ரோடோடென்ட்ரான் உள்ளிட்ட பல அழகுச் செடிகளின் நிறப்புரிகளையும் இக்காலத்தில் ஆராய்ந்தார். இமயத்தின் ஈரம் மிகுந்த வடகிழக்கில் புதிய தாவர இனங்கள் மிகுதியாகத் தோன்றியிருப்பதற்கும், வறண்ட வடமேற்கில் அவ்வாறு இல்லாமைக்கும் பன்மடியமே காரணம் என்பது அவர் கருத்து.

நாடு திரும்பல்

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951 ஆம் ஆண்டு இந்தியா திரும்பினார். 1890 இல் தொடங்கப்பெற்று நலிந்து கிடந்த இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் சிறப்பு அலுவலராக 1952 இல் அமர்த்தப்பட்டார். இந்தியக் காடுகளில் திரட்டிய தாவர மாதிரிகளுள் பெரும் பகுதி இலண்டன் கியூ தோட்டத்திலும் பிற ஐரோப்பியக் காப்பகங்களிலும் இருந்தது. ஓர் இந்திய மாணவன் தன் ஊர்ச் செடியின் பெயரை உறுதிசெய்யக் கடல் கடக்க வேண்டிய நிலை அது. இந்தியத் தாவரங்களை இந்தியரே இந்திய மண்ணில் திரட்டிப் பாதுகாக்க வேண்டும் என்பது ஜானகி அம்மாளின் திட்டம். 1954 இல் ஆய்வகம் மறுசீரமைக்கப்பட்டது; அதன் தென்மண்டலக் கிளை 1955 இல் கோயம்புத்தூரில் அமைந்தது. எனினும் அதன் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த மனவருத்தத்தை டார்லிங்டனுக்கு எழுதிய கடிதங்களில் மறைக்காமல் தெரிவித்திருக்கிறார். பின்னர் அலகாபாத்தில் மத்திய தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தார். சம்மு மண்டல ஆய்வுக்கூடத்திலும், சிறிது காலம் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் பணியாற்றினார்.

இந்த ஆண்டுகளில் அவருடைய சிந்தனை வேறு திசையில் திரும்பியதைக் காணலாம். உணவுப் பெருக்கத்துக்காக நாடெங்கும் காடுகள் திருத்தப்பட்ட காலம் அது. ஓர் அரிய மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து பல கல் தொலைவு சென்றவர், அது எரிக்கப்பட்டுக் கிடக்கக் கண்டார். 1955 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை மாற்றிவரும் விதம் குறித்து அறிஞர்கள் கூடிய புகழ்பெற்ற கருத்தரங்கில் அவர் கலந்துகொண்டார். அதில் இடம்பெற்ற ஒரே பெண் அறிஞர் அவர் என்று சொல்லப்படுகிறது. தன்தேவைக்குப் பயிர் செய்தும் காட்டில் திரட்டியும் வாழும் இந்திய மக்களின் பொருளாதாரம் பற்றி அங்கே கட்டுரை படித்தார். பழங்குடியினரும் குறிப்பாகப் பெண்களும் தாவரங்களைப் பற்றி வைத்திருக்கும் அறிவு காடுகளோடு சேர்ந்து அழிகிறது என்பது அவர் கவலை.

கரும்புக்கு நாணலைத் தேடிய ஒருவருக்கு இக்கவலை வந்ததில் வியப்பில்லை. பயனற்றது என்று எறியப்படும் காட்டு இனம் நாளைய பயிருக்கு உயிர்கொடுக்கும் என்பதை அவர் நுண்ணோக்கியில் கண்டவர். நெல்லிலும் இதற்குச் சான்று உண்டு. 1970களில் ஆசிய நெல்வயல்களைத் தாக்கிய புல்தழைக் குட்டை நோய்க்கு எதிர்ப்புத் திறன், உத்தரப் பிரதேசத்தில் எடுக்கப்பட்ட ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லிலிருந்தே கிடைத்தது. ஐ.ஆர். 36 முதலான வகைகளில் அது சேர்க்கப்பட்டது.

அமைதிப் பள்ளத்தாக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்தால் அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காடு நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. 1970களின் பிற்பகுதியில் இதற்கு எழுந்த எதிர்ப்பில் கேரள சாத்திர சாகித்திய பரிசத்து முன்னின்றது. எண்பது வயதை எட்டிய ஜானகி அம்மாளும் அதில் சேர்ந்தார். வெறும் கையொப்பம் இடுவதோடு நில்லாமல், பள்ளத்தாக்கின் தாவரங்களின் நிறப்புரிகளைக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். காடு அழிந்தால் எது அழியும் என்பதற்கு ஆவணம் வேண்டும் என்று கருதினார் போலும். 1983 இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னரே அவர் மறைந்துவிட்டார்.

மதுரவாயலில்

1970 ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் குடியேறி, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்புறு அறிவியலாளராகச் சேர்ந்தார். அம்மையத்தின் மதுரவாயல் கள ஆய்வுக்கூடமே அவர் வீடாகவும் இருந்தது. அங்கே மூலிகைத் தோட்டம் ஒன்றை உருவாக்கினார். ஊமத்தை, புதினா, எலுமிச்சைப்புல், வள்ளிக்கிழங்கு ஆகியவற்றின் பேரினங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். எளிய வாழ்க்கை, பிற்காலத்தில் பெரும்பாலும் மஞ்சள் புடவை. தன்னைப் பற்றிப் பேச விரும்பாதவர் என்றும், தன் வேலையே எஞ்சி நிற்கும் என்று கூறுபவர் என்றும் அறிந்தோர் எழுதியுள்ளனர். 1984 பெப்ரவரி 7 அன்று தம் 86 ஆம் வயதில் இறக்கும்வரை ஆய்விலிருந்து ஓய்வு பெறவில்லை.

மதிப்பீடும் நினைவும்

1957 இல் இந்திய தேசிய அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராக்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1950களின் நடுவில் மதிப்புறு சட்ட முனைவர் பட்டம் வழங்கியது. இத்தனை சிறப்பு இருந்தும் மறைந்தபின் நெடுங்காலம் அவர் பெயர் பாடநூல்களில் இடம்பெறவில்லை. நாடுவிட்டு நாடு, நிறுவனம் விட்டு நிறுவனம் என்று மாறியதால், அவர் வழியைத் தொடரும் மாணவர் பரம்பரை ஒன்று ஓரிடத்தில் உருவாகவில்லை என்பது ஒரு காரணமாகலாம். கரும்பு ஆய்வின் பயன் பொதுவாக நிலையத்தின் பெயரிலும், வகைகளின் எண்களிலும் பதிவாவது இன்னொரு காரணம். அண்மைக் காலத்தில் வரலாற்றாளர் வினிதா தாமோதரன் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளும், சாவித்திரி பிரீதா நாயர் எழுதி 2020களில் வெளிவந்த விரிவான வாழ்க்கை வரலாறும் இக்குறையை ஓரளவு போக்கியுள்ளன.

இந்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் தாவர, விலங்கு வகைப்பாட்டியலுக்கு வழங்கும் தேசிய விருது அவர் பெயரால் அமைந்துள்ளது. சம்முவில் உள்ள தாவர மாதிரிக் காப்பகமும் அவர் பெயரைத் தாங்கியது. ஜான் இன்னஸ் மையம் வளரும் நாடுகளின் மாணவர்களுக்காக அவர் பெயரில் முனைவர் பட்ட உதவித்தொகை ஒன்றை ஏற்படுத்தியது. கொடைக்கானலில் ரோசா வகைகளை உருவாக்கிவரும் வீரராகவன், கிரிஜா இணையர் தாங்கள் உருவாக்கிய மஞ்சள் ரோசா ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினர்.

அவர் எண்ணிய நிறப்புரிகளின் கதையும் தொடர்கிறது. இன்றைய வணிகக் கரும்புகளின் மரபுப் பொருளில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு ஆபிசினாரம் கரும்பிலிருந்தும், பத்து முதல் இருபது பங்கு வரை நாணலிலிருந்தும் வந்தவை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. தமிழகத்தில் நெடுங்காலம் பெருமளவில் பயிரிடப்பட்ட கோ 86032 வகைக்கும் இது பொருந்தும். தஞ்சாவூரை அடுத்த குருங்குளம் சர்க்கரை ஆலைக்கு வண்டியேறும் கரும்பும் இதற்கு விலக்கன்று. நாணலின் முழு மரபணுத்தொகுதி 2018 இல் வெளியிடப்பட்டது. உலகின் மிகப் பெரிய கரும்பு மரபுவளச் சேகரிப்புகளுள் ஒன்று, காட்டு வகைகள் பலவற்றோடு, கோயம்புத்தூர் நிலையத்தின் கண்ணூர் ஆய்வு மையத்தில் பேணப்படுகிறது. ஜானகி அம்மாள் பிறந்த தலைச்சேரி அங்கிருந்து சிறிது தொலைவிலேயே உள்ளது.